துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள்

 

தெருக்குழாயில் ஒருவர் குடம் முந்திவிடுகிறது. வார்த்தை தடிக்கிறது. கை நீள்கிறது. பிறகு போலீஸ், கோர்ட், ஜெயில். ஒரு நிமிடக் கோபம் பல வருடங்களைத் தின்றுவிடுகிறது. வன்முறையில் இறங்கியவர் மாற முடியுமா? முடியும். நம் பெங்களூரில் பிறந்த ஒருவர் அதற்காகவே பாடுபட்டார்.

அவர் பெயர் சேலம் நஞ்சுண்டய்யா சுப்பாராவ். பிறந்த வருடம் 1929. 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 13. அந்த முழக்கத்தைச் சுவரில் எழுதினார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்று முதல் பொதுத்தொண்டுதான் அவர் வாழ்க்கை.

பெரியவரான பிறகு அவர் நாடெங்கும் இளைஞர் முகாம்கள் நடத்தினார். பல மாநிலத்தார், பல மதத்தார் அங்கே ஒன்றாகத் தங்குவார்கள். ஒன்றாக மண் சுமப்பார்கள். ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். பல மொழிகளில் பாடுவார்கள். எல்லா மதப் பிரார்த்தனையும் நடக்கும். தள்ளி நின்றால் பகை வளரும். கூடி உழைத்தால் பகை குறையும். இதுதான் அந்த முகாம் தரும் பாடம்.

சம்பல் பள்ளத்தாக்கிலும் அவர் முகாம் நடத்தினார். அது வடக்கே, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்கள் சேரும் இடம். மழைநீர் அரித்து அரித்து, அங்கே நிலம் முழுவதும் ஆழமான பள்ளங்கள். கொள்ளையர்கள் ஒளிந்துகொள்ள அவை வசதியாக இருந்தன. கொள்ளையர்களில் பலர் முன்பு சாதாரணக் குடியானவர்கள். நிலத் தகராறு வரும். அவமானம் நேரும். பழிக்குப் பழி கொலை விழும். பிறகு துப்பாக்கியோடு பள்ளத்தில் இறங்கிவிடுவார்கள். வீடு திரும்ப வழி இருக்காது.

1960-இல் வினோபா பாவே அங்கே நடந்தே போனார். சுமார் 20 பேர் அவரிடம் சரணடைந்தார்கள். 1970-இல் ஜௌரா என்ற ஊரில் சுப்பாராவ் காந்தி சேவா ஆசிரமத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, மாதோ சிங் என்ற கொள்ளைத் தலைவர் மாறுவேடத்தில் பாட்னாவுக்குப் போய், ஜெயப்பிரகாஷ் நாராயணைச் சந்தித்து உதவி கேட்டார். சுப்பாராவும் மற்றத் தொண்டர்களும் ஆயுதம் இல்லாமல் கொள்ளையர்களிடம் போய்ப் பேசினார்கள். 1972 ஏப்ரல் 14 அன்று, ஜௌராவில், மோகர் சிங் முதலானோர் காந்தியின் படத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை வைத்தார்கள். அந்த முயற்சியில் மொத்தம் 500-க்கும் மேற்பட்டோர் சரணடைந்தார்கள்.

அவர்கள் செய்த குற்றம் மறைந்துவிட்டதா? இல்லை. செத்தவர் வீட்டுக் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? அதனால் சட்டம் விலகி நிற்கவில்லை. அவர்கள் சிறைக்குப் போனார்கள். வழக்குகளைச் சந்தித்தார்கள். பலர் முங்காவலி திறந்தவெளிச் சிறையில் பயிர்த்தொழில் செய்தார்கள். மோகர் சிங் விடுதலையான பிறகு மெகாவ் ஊரில் நகரப் பஞ்சாயத்துத் தலைவர் ஆனார்.

அமெரிக்காவில் 1975-இல் கைதிகளே இப்படி ஒரு பயிற்சியைக் கேட்டு வாங்கினார்கள். நியூயார்க் மாநிலத்தில் கிரீன் ஹேவன் சிறையில் அது தொடங்கியது. பயிற்சிக்கு வருபவர்கள் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். "நீ இப்படி, நீ அப்படி" என்று ஏசக் கூடாது. "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று தன் மனதைச் சொல்ல வேண்டும். நன்றாகத் தேறிய கைதிகளே பிறகு மற்றக் கைதிகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். இன்று பல நாடுகளில் சிறைக்கு உள்ளேயும் வெளியேயும் இது நடக்கிறது.

மனம் மாறினால் மட்டும் போதுமா? போதாது. சம்பலில் 1972-க்குப் பிறகும் புதிய கும்பல்கள் தோன்றின. நிலச் சண்டையும் சாதிக் கொடுமையும் தீரவில்லை என்பதே காரணம். ஜௌரா ஆசிரமத்தில் பணிசெய்தவர்களில் கேரளத்தைச் சேர்ந்த பி. வி. ராஜகோபாலும் ஒருவர். அவர் ஏழைகளின் நில உரிமைக்கு அறவழியில் போராடினார். 2007-இல் அவருடன் சுமார் 25,000 பேர் குவாலியரிலிருந்து தில்லிக்கு நடந்தார்கள். யார் கையிலும் ஆயுதம் இல்லை.

சுப்பாராவ் 2021-இல் மறைந்தார். அவர் காட்டிய வழி எளிது. குற்றத்தை வெறுக்கலாம். மனிதனைக் கைவிடக் கூடாது. சிறையிலிருந்து திரும்பி வருபவருக்கு நம் தெருவில் வேலை உண்டா? அவர் பிள்ளையோடு நம் பிள்ளை விளையாடுமா? இந்தக் கேள்விகளை எல்லோரும் கூடிப் பேசுவோம்.