நோயுற்ற சிறுமி: ஒரே சாவு, ஆறு ஓவியங்கள்



"எத்தனை தடவைதான் இதையே சொல்வீங்க?" வலியை எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் எல்லோர் மீதும் வீசப்படும் கேள்வி இது. இதை வைத்துக்கொண்டு நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் பற்றிக் கொஞ்சம் பேசலாமென்று வந்திருக்கிறேன். எக்ஸ்பிரஷனிசத்துக்கு வழிவெட்டியவர். 'அலறல்' படம் உங்களில் பலருக்குத் தெரியும். நான் பேசப்போவது 'நோயுற்ற சிறுமி' பற்றி.

மூங்க்குக்கு அஞ்சு வயசிருக்கும்போது, 1868இல், அம்மா காசநோயில் செத்துப்போனார். 1877இல் அக்கா சோஃபியையும் அதே நோய் கொண்டுபோனது. அவளுக்கு வயது 15. அப்பா ராணுவ டாக்டர். அவராலும் ஒண்ணும் பண்ண முடியல. காசநோய்க் கிருமியையே 1882இல்தான் கோக் கண்டுபிடித்தார். குணமாக்கும் மருந்து வர அதற்கப்புறமும் அறுபது வருசம் ஆனது.

1885இல் மூங்க் அந்தச் சாவை வரைய உட்கார்ந்தார். தலையணையில் சாய்ந்திருக்கும் செம்பட்டை முடிச் சிறுமி. பக்கத்தில் தலை கவிழ்ந்த ஒரு பெண். அவள் முகம் நமக்குத் தெரியாது. இரண்டு பேர் கையும் சேர்கிற இடம் கலங்கிக் கிடக்கிறது. வரைவார், சுரண்டுவார், மறுபடி வரைவார். அந்தக் கீறல்களை அவர் மறைக்கவில்லை.

1886இல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஓஸ்லோவில், காட்சிக்கு வைத்தபோது கேலி செய்தார்கள். முடிக்காத படம் என்றார்கள். நோயாளிப் படம் அவர்களுக்குப் புதுசில்லை. மூங்க்கின் வழிகாட்டி கிறிஸ்டியன் க்ரோக் சில வருசம் முன்பே ஒரு நோயாளிச் சிறுமியைத் துல்லியமாக வரைந்திருந்தார். ஆக, நோயைக் காட்டலாம், வழவழப்பாகக் காட்டணும். கீறல்தான் அவர்களுக்கு உறுத்தியது.

மூங்க் விடவில்லை. 1896இல் ஒன்று, 1907இல் இரண்டு, 1920களில் இரண்டு. முதல் படத்தோடு சேர்த்து ஆறு எண்ணெய் ஓவியங்கள், நாற்பது வருசம். இடையில் அச்சுப் படங்கள் வேறு. 1896இல் செய்த கல்லச்சில் அறையே கிடையாது. தலையும் தலையணையும் மட்டும்.

காசுக்காகத்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், சிலது பணக்காரர்கள் கேட்டு வரைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பேரும் புகழும் வந்து, அறுபது வயசைத் தாண்டிய பிறகும் அந்தப் படுக்கைக்கே ஏன் திரும்பினார்? படங்களை வரிசையாகப் பாருங்கள். முதல் படத்தில் சாயம் கெட்டிப்பட்டு, சுரண்டப்பட்டு நிற்கிறது. பிந்தைய படங்களில் தூரிகை ஓடுகிறது, வண்ணம் வெளிச்சமாகிறது. பார்க்கிற கண் மாறிக்கொண்டே இருக்கிறது. கவிழ்ந்த தலை மட்டும் ஆறிலும் நிமிரவில்லை.

1907இல் வரைந்ததில் ஒன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தது. 1937இல் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி, ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து மூங்க்கின் 82 படைப்புகளைப் பிடுங்கினார்கள். இதுவும் போனது. விற்றுக் காசாக்கினார்கள். 1939இல் அது லண்டன் டேட் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. கிறிஸ்தியானியாவின் ரசிகர்களும் நாஜிகளும் ஒன்றல்ல. ஆனாலும் கீறல் இல்லாத கலைதான் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது.

துக்கத்தை எப்போது முடிப்பது என்று இழந்தவர் தீர்மானிக்கட்டும். பார்த்துச் சலித்தவர் அதற்குத் தேதி குறிக்க முடியாது. அடுத்த தடவை அந்தக் கேள்வியை யாராவது கேட்டால், ஆறாவது படத்தை அவர் முன்னால் வையுங்கள்.