எஞ்சின் வாங்குமுன் யோசியுங்கள்

(மீள்குடியேறிய கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். வள்ளத்தைத் திருத்தி எடுத்தாலும், பழைய எஞ்சின் துருப்பிடித்துப் போயிருக்கும் அல்லது காணாமற் போயிருக்கும். இன்னொன்று வாங்க உங்கள் கையில் இருக்கும் பணம் ஒரு தடவைக்குத்தான் போதும். பொருந்தாததை வாங்கினால் திரும்பவும் சம்மாட்டியிடம் கடன்பட்டு, பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிவரும். ஆகவே கடைக்குப் போகுமுன் சில விடயங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எங்கே தொழில் செய்யப்போகிறீர்கள்? நந்திக்கடல், கொக்கிளாய் போன்ற களப்புகளில் பல இடங்களில் மரக்கோலே போதும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து பெருங்கடலுக்குப் போகிறவருக்கு, அலையை வெட்டி வெளியேறவும் காற்று மாறினால் விரைந்து கரைசேரவும் வலு வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு வலு? எங்கள் கரைகளில் ஓடும் 18 அடிக் கண்ணாடியிழை வள்ளங்களில் பெரும்பாலும் 8 முதல் 25 குதிரைவலு வரையான எஞ்சின்களே பூட்டப்படுகின்றன. வள்ளத்தைக் கட்டியவர் சொன்ன அளவுக்கு மேலே போகாதீர்கள். கூடிய வலு எரிபொருளைக் குடிக்கும், பின்பலகையையும் வெடிக்கச் செய்யும். பாரத்தையும் பாருங்கள். 15 குதிரைவலு ரூ ஸ்ரோக் எஞ்சின் 40 கிலோ அளவில் வரும். அதே வலுவுள்ள போர் ஸ்ரோக் 50 கிலோ அளவில் வரும். போர் ஸ்ரோக் எரிபொருளை மிச்சம் பிடிக்கும். ஆனால் நாள்தோறும் எஞ்சினைக் கழற்றி மணலில் தூக்கிச் செல்வது நீங்கள்தான்.

மூன்றாவது, தண்டின் நீளம். பின்பலகையின் உயரத்தை மேல் விளிம்பிலிருந்து அடிவரை அளந்து, எழுதிக்கொண்டு போங்கள். 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு, 20 அங்குலம் என்றால் நெட்டைத் தண்டு. குட்டையானால் விசிறி காற்றை இழுத்து வீணாகச் சுழலும். நெட்டையானால் ஆழங்குறைந்த இடத்தில் கல்லிலும் மணலிலும் அடிபடும்.

நான்காவது, எரிபொருள். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலில் ஓடவிட்டால்தான் அடுத்த நாள் இலகுவாகத் தொடங்கும். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். ரூ ஸ்ரோக் எஞ்சினுக்குக் கடல் எஞ்சினுக்குரிய ஒயிலையே, கைந்நூலில் சொன்ன அளவில் கலவுங்கள். 50க்கு 1 என்றால் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர்.

பாவித்த எஞ்சின் வாங்குகிறீர்களா? தண்ணீர் நிரப்பிய பரலில் இறக்கி, பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். பக்கத்துச் சிறு துவாரத்தால் தண்ணீர் விடாமல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் எஞ்சின் சூடாகி இறுகிவிடும். கியர் ஒயிலைச் சிறிது இறக்கிப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. எஞ்சினில் உள்ள இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

எந்த வகை எஞ்சினுக்கு உங்கள் ஊரிலேயே உதிரிப்பாகமும் திருத்துநரும் உண்டு என்று கூட்டுறவுச் சங்கத்தில் விசாரியுங்கள். அயலவர் வைத்திருக்கும் வகையையே வாங்கினால் அவசரத்துக்கு ஒரு பிளக்காவது இரவல் கிடைக்கும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வள்ளத்தின் பதிவு பற்றிக் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள்.

தாய்மாரே, வீட்டுக் கணக்கு உங்கள் கையில். எஞ்சினின் விலையோடு ஒரு நாள் எரிபொருட் செலவையும் கேட்டு எழுதி வையுங்கள். வாங்கும் விலை ஒரு முறைதான். எரிபொருளுக்கோ கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் காசு வேண்டும்.

எந்த எஞ்சினும் ஒருநாள் நடுக்கடலில் நிற்கும். துடுப்பு, மேலதிக பிளக், அதைக் கழற்றும் சாவி, உயிர்காப்பு அங்கி இவை நான்கும் இல்லாமல் வள்ளத்தைத் தள்ளாதீர்கள்.