தொப்பியும் வெறுந்தலையும்
(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விருதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். சுதந்திர தின ஊர்வலத்துக்கும் கல்லூரி நாடகங்களுக்கும் காந்தி குல்லாய் தைத்துக் கொடுக்கிறேன். "அண்ணாச்சி, இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? காகிதத்தை மடிச்சு ஒட்டினாப் போதாதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

இந்தக் குல்லாயின் மாதிரி குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்தது. பலவகைத் தலையணிகளைப் பார்த்துவிட்டு, காஷ்மீரத் தொப்பியை மாதிரியாகக் கொண்டதாகக் காந்தியடிகள் காகா காலேல்கரிடம் சொல்லியிருக்கிறார். தலைப்பாகைக்குத் துணி அதிகம். கம்பளியைத் துவைப்பது சிரமம். வெள்ளைக் கதரில் அழுக்குத் தெரியும், உடனே துவைக்கலாம், மடித்துப் பையில் வைக்கலாம்.

தைக்கிறவங்க கதரை முதல்ல தண்ணியில ஊறப்போட்டு உலர்த்தணும். இல்லேன்னா முதல் சலவையிலேயே சுருங்கிடும். தலைச்சுற்றளவோடு தையலுக்கு ஒரு அங்குலம் சேர்க்கணும். பக்கப் பட்டி இரண்டு மடிப்பு. மேல்துண்டு இரு முனையும் கூரா இருக்கணும். மடித்தால் படகு மாதிரி தட்டையா நிற்கணும். கடைசியில் கஞ்சி போட்டு இஸ்திரி. டெரிலின் கேட்காதீங்க, 1930இல் டெரிலின் ஏது? செயற்கை இழை உரசினால் பொறி கிளம்பும் என்று பட்டாசு ஆலைக்குப் பருத்தி உடுத்திப் போகிற ஊர் நம்முடையது. பருத்தியின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

தண்டி யாத்திரைக் காட்சிக்காக வந்த மாணவர்கள், காந்தி வேடத்துக்கும் ஒரு குல்லாய் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். காரணம் பக்கத்து மதுரையில் இருக்கிறது. கதர் வாங்கக்கூட வசதியில்லாத ஏழைகளை எண்ணி, 1921 செப்டம்பர் 22ஆம் நாள், மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தியடிகள் அரையாடையுடன் வெளியே வந்தார். சட்டையோடு குல்லாயையும் விட்டார். 1930 மார்ச் 12இல் தொடங்கிய தண்டி யாத்திரைப் படங்களைப் பாருங்கள். பின்னால் வருகிறவர்கள் தலையில் குல்லாய். முன்னால் நடக்கிறவர் வெறுந்தலை. அந்த வெறுந்தலைக்கு ஒரு குல்லாயை மாட்டிவிட்டால், மதுரையில் நடந்ததையே மறைத்ததாக ஆகாதா?

அதே ஆண்டு ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை நடந்தது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர் நம்மூர்க் காமராஜர். அப்படிப்பட்டவர்களின் வேடம் போடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

மாணவச் செல்வங்களே, வேடம் கட்டுமுன் பழைய படத்தைப் பாருங்கள், ஆண்டைப் பாருங்கள். பிறகு கடைக்கு வாங்க; வெட்டவும் தைக்கவும் சொல்லித் தருகிறேன். விழா முடிந்ததும் துவைத்து மடித்து அடுத்த ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.