கடைசிக் குழாயின் நீர்



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றியே பேசுவது வழக்கம். நாமோ குடிநீரைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். ஊராட்சியின் நீர்ப் பரிசோதனைப் பதிவேட்டைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிவதும் கல்வியே என்பது நம் கருத்து.

பொதுக் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமைக்கே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அதே ஆண்டில் மராட்டியப் பகுதியிலுள்ள மகாத் நகராட்சியும் சவதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டிலேயே உறங்கிற்று. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று அந்நீரைப் பருகினர். குளம் தீட்டுப்பட்டதென்று கூறிய சாதி இந்துக்கள், பால், தயிர், சாணம், கோமியம் கொண்ட 108 குடங்களை அதில் அமிழ்த்தித் 'தூய்மை' செய்தனர். அந்தத் தூய்மைக்குப் பிந்திய நீரை எந்த ஆய்வுக்கூடமும் குடிக்கத் தக்கதெனச் சொல்லாது! 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவ்வழக்கு நமக்குச் சாதகமாக முடிந்தது.

நிற்க. இன்று குழாய் நம் தெருவிற்கும் வந்திருக்கிறது. அதில் வருவது என்ன என்பதே இனிக் கேட்க வேண்டிய கேள்வி.

பாதுகாக்கப்பட்ட குடிநீர் வழங்குவது ஊராட்சியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. நீரை ஆய்வதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் நெறிமுறைப்படி, ஒவ்வொரு நீர் ஆதாரத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை இரசாயன ஆய்வும், இருமுறை கிருமி ஆய்வும் நடைபெற வேண்டும். ஊரிலேயே சோதிப்பதற்குக் களப் பெட்டி ஒன்றும், அதனைக் கையாளப் பயிற்சி பெற்ற ஐந்து பெண்களும் இருக்க வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவுகளில் சிலவற்றை இளைஞர்கள் மனத்தில் கொள்ளுதல் நலம். லிட்டருக்குப் புளூரைடு 1 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லையெனில் 1.5 வரை. நைட்ரேட் 45. எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2. மலக்கிருமியோ 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருத்தலாகாது. புளூரைடு மிகுந்த தருமபுரிப் பகுதியில் பற்களில் கறை படிவதை நாம் அறிவோம். கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், புளூரைடு அகலாது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ஆய்வறிக்கையில் எண்களைவிட முதலில் பார்க்க வேண்டியது, மாதிரி எங்கே எடுக்கப்பட்டது என்பதையே. தொட்டியடியில் எடுத்த நீர் நன்றாயிருக்கலாம். நம் குடியிருப்போ பெரும்பாலும் குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது. இடையில் குழாய் சாக்கடையை ஒட்டிச் செல்கிறது. நீர் விடுவதை நிறுத்தியதும் குழாயினுள் அழுத்தம் குறைந்து, வெடிப்பு வழியாக வெளியிலுள்ள கழிவு உள்ளே உறிஞ்சப்படுகிறது. வழிநெடுக அழுக்கோடு போராடிக் குளோரினும் தீர்ந்துவிடுகிறது. தொட்டியின் சான்று கடைசி வீட்டிற்குச் சான்றாகாது. எனவே கடைசிக் குழாயிலும் மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும்.

அச்சோதனை கடினமன்று. குளோரின் இருந்தால், களப் பெட்டியின் மருந்துத் துளி பட்டதும் நீர் மஞ்சளாகும். கிருமிச் சோதனைக் குப்பியில் குறியளவு நீரூற்றி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பில் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுக்கும். கறுத்தால் நீரைக் கொதிக்க வைத்தே அருந்த வேண்டும். ஊராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வெடிப்பை அடைத்துக் குளோரின் இட்டபின் மறுசோதனை செய்ய வேண்டும். இந்த மறுசோதனையைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர். ஆய்வுக்கூடம் தரும் கிருமி ஆய்வுப் புட்டியை மட்டும் கழுவிவிடாதீர்கள். அதனுள் குளோரினை முறிக்கும் மருந்து இடப்பட்டிருக்கும்.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. குழந்தைகள் நோயுற்று, மருத்துவர்கள் நீரை ஐயுற்ற பின்னரே மக்கள் மேலேறிப் பார்த்தனர். குழந்தைகளின் வயிறா நமக்குச் சோதனைக் குப்பி? தொட்டியின் மூடிக்குப் பூட்டு உண்டா, கடைசியாகக் கழுவிய நாள் எது, ஏறிப் பார்த்தவர் யார் என்பனவும் நீர்ச் சோதனையின் பகுதிகளே.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. நம் தெருவின் கடைசிக் குழாயில் எந்த நாளில் மாதிரி எடுத்தீர்கள் என்று அங்கே கேட்போம். விடையைத் தீர்மான ஏட்டில் எழுதச் செய்வோம். அறிக்கையைக் காட்ட மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகல் கோரலாம். களப் பெட்டிப் பயிற்சிக்குரிய ஐந்து பெண்களில் நம் தெருவினர் எவரும் இல்லையெனில், நம் கழகத்தில் அறிவியல் பயின்ற பெண்களின் பெயர்களை அச்சபையிலேயே எழுதிக் கொடுப்போம்.