மாணவர் கையில் போன பியூஸ்

பகலில் கல்லூரித் திட்டத்திற்கும் இரவில் மருத்துவக் கருவிக்கும் மென்பொருள் எழுதும் இளம் பொறியாளர்களைப் பற்றிச் சிறிது பேசுவோம். கல்லூரித் திட்டம் தேர்வன்று ஒருமுறை ஓடினாலே மதிப்பெண் உண்டு. மற்றதோ உயிர்ப் பொறுப்பு. ‘தெராக்-25’ என்னும் கதிர்வீச்சுக் கருவி 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள்மேல் அளவு மீறிய கதிரைப் பாய்ச்சிற்று, சிலர் மாண்டனர். அதன் மென்பொருட் பிழைகளுள் ஒன்று, முந்திய தெராக்-20இலும் இருந்தது! சிகாகோவில் புதிய மாணவர்கள் அதில் பழகத் தொடங்கும்போதெல்லாம் பியூஸ் போயிற்று. கைதேறாதவர்கள் கட்டளைகளைத் தாறுமாறாக இட்டதே காரணம். பியூஸ் போனதால் தீங்கு நேரவில்லை. புதிய கருவியிலோ, மென்பொருளை நம்பி அத்தகைய தனிக் காப்புகளை நீக்கிவிட்டனர். பம்புசெட்டில் பியூசுக்குப் பதில் தடித்த கம்பியைக் கட்டுகிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான். இளம் பொறியாளர் தம் மென்பொருளை, நோயாளியிடம் செல்லுமுன், அனுபவமற்ற சக மாணவர் கையில் கொடுத்துப் பார்க்கட்டும்.