இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நெஞ்செரிச்சல்

தண்ணீர்மலை முருகன் சந்நிதிக்கு 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறுகின்றோம். ஏறுகையில் நெஞ்சை அடைத்து, இளைப்பாறியதும் தணியும் வலி பெரும்பாலும் இருதயத்தைச் சார்ந்தது. வயிறு நிறைய உண்டு படுத்ததும், பால் வாளியைத் தூக்கக் குனிந்ததும் தொண்டைவரை புளித்தேறும் எரிச்சலோ இரைப்பை அமிலத்தால் விளைவது. ஆயினும், இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர்க்கு இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று. ஐயம் எழுந்தால் இருதயமென்றே கொள்வோமாக. வியர்வை, மூச்சுத்திணறல், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி தோன்றின் உடனே 999 எண்ணை அழைத்தல் வேண்டும். 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருப்பது நம்மிடையே உள்ள பழைய வழக்கம். அஃது உயிருக்கே கேடு.

காலிலிருந்து எடுத்த இரத்தக்குழாயை இருதயத்தில் இணைத்தபின், அதனுள் இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின் தரப்படுகின்றது. அம்மாத்திரை இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்தவும் கூடும். எரிகின்றதே என்று நாமாகவே அதனை நிறுத்திவிடலாகாது. இணைத்த குழாய் அடைபட நேரும். மருத்துவரிடம் கூறினால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துத் தருவார். மலம் தார்போல் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்வோம்.

விடியுமுன் வெறும் வயிற்றில் குடிக்கும் கடுங்காப்பியை விடுதல் நன்று. இரவுணவைப் படுக்கைக்கு 3 மணி நேரம் முன்பே அளவாக உண்போம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் அரையடிக் கட்டை வைப்போம். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து எரிச்சல் மிகும்.

பிளந்த மார்பெலும்பு நன்கு கூட ஏறத்தாழ 3 மாதங்கள் ஆகும். அதுவரை பால் வாளி தூக்க வேண்டா. மண்டோரிடம் மருத்துவச் சான்றைக் காட்டி இலகுவான வேலை கேட்பதில் நமக்குக் கூச்சமும் வேண்டா.