இருபது லிட்டர்க் கலம்

சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நமக்குக் 'கபாடி' என்ற சொல் பழகிப்போன ஒன்று. ஊர்ப்பக்கத்தில் காயலான் கடை என்கிறோமே, அதுதான். அத்தகைய கடைகளில் பழைய சைக்கிள் சட்டங்களுக்கும் தையல் இயந்திரக் கால்களுக்கும் இடையே, இரு பக்கங்களிலும் பெருக்கல் குறி போலப் பள்ளம் விழுந்த ஓர் இரும்புக் கலத்தை நேயர்களில் சிலர் கண்டிருக்கக்கூடும். தலையில் மூன்று கைப்பிடிகள். ஓரத்தில் நெம்பித் திறக்கும் மூடி. ஜெரிகேன் என்பது அதன் பெயர். தபால் தலை சேர்ப்பவர்களைப் போலவே, ராணுவங்கள் பெட்ரோல் சுமந்த இக்கலங்களைத் தேடிச் சேர்த்து, துரு நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் இன்பம் காண்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள். துருப்பிடித்த தகரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமே.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'ஜெரி' என்பது ஜெர்மானியரை ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏளனமாகக் குறித்த சொல். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இது ஒரு சங்கடம். 'எரிபொருட் கலம்' என்று எழுதிவிடலாம்; பொருள் வந்துவிடும். ஆனால் பகைவனை ஏளனம் செய்துகொண்டே அவன் செய்த பொருளைப் பார்த்துத் தாமும் செய்துகொண்ட கதை அந்தச் சொல்லில் தங்காது. ஆகவே ஜெரிகேன் என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது பிரிட்டிஷ் படையிடம் இருந்தது 4 காலன் கொள்ளும் மெல்லிய தகர டின். நம் வீடுகளில் தண்ணீர் சுமக்கவும் துளசிச் செடி வைக்கவும் பயன்பட்டதே மண்ணெண்ணெய் டின், அதன் உடன்பிறப்பு என்று அதைச் சொல்லலாம். மலிவானது, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம் என்பது கணக்கு. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரிகளில் குலுங்கிக் குலுங்கிப் போகையில் அதன் மூட்டுக்கள் பிளந்தன. கிடங்கிலிருந்து புறப்பட்ட பெட்ரோலில் நூற்றுக்கு 30 பங்கு, உபயோகிப்பவன் கைக்கு வருமுன் வீணானதாகத் தளபதி ஆக்கின்லெக் மதிப்பிட்டார். பாலைவனத்தில் பெட்ரோல் என்பது வண்டிக்குத் தீனி மட்டுமன்று; குடிநீர் வருவதும், காயம்பட்டவன் மருத்துவமனைக்குப் போவதும் அதனால்தான். அப்படையில் 4-ஆவது இந்திய டிவிஷன் இருந்தது. அதில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் இருந்தனர். ஆகவே, மணலில் ஒழுகிப்போன அந்தப் பெட்ரோலைப் பார்த்துத் தமிழிலும் சிலர் வைதிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அந்த டின்னுக்கு ஒரே ஒரு நற்பெயர் உண்டு: பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினால் தேநீர் போட அருமையான அடுப்பு!

எதிர்ப்பக்கம் இருந்த கலமோ வேறு ஜாதி. 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஷ்வெல்ம் நகரில், ம்யூலர் நிறுவனத்தைச் சேர்ந்த வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் என்ற பொறியாளர் வகுத்தது அது. எஃகுத் தகட்டை இரண்டு அரைப் பாகங்களாக அழுத்தி எடுத்து நடுவே பற்றவைத்தார்கள். பற்றுவாய் உட்புறம் பதிந்திருப்பதால், கீழே விழுந்தாலும் அடி மூட்டின்மேல் படாது. பக்கவாட்டிலுள்ள பெருக்கல் குறி அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. தகட்டுக்கு அது விறைப்பைத் தருகிறது. வெயிலில் பெட்ரோல் விரியும்போது தகடு சற்றே உப்பிக்கொடுக்கவும் இடம் வைக்கிறது. மேற்புறத்துக் கூனில் காற்று தங்குவதால், நிறைந்த கலமும் தண்ணீரில் மிதக்கும். வாயருகே ஒரு சிறு காற்றுக் குழல் இருக்கிறது. அதனால் ஊற்றும்போது 'குளுக் குளுக்' என்று சிந்தாமல் சீராக விழும். மூடியைத் திறக்க எந்தக் கருவியும் வேண்டாம், கட்டைவிரல் போதும்.

மூன்று கைப்பிடிகள் எதற்கு? நிறைந்த கலம் ஏறக்குறைய 20 கிலோ கனக்கும். ஒருவன் தனியாகத் தூக்கினால் நடுப்பிடி. இருவர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்கொரு ஓரப்பிடி. காலிக் கலங்களானால் இரண்டின் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் பிடித்து, ஒருவன் நான்கைச் சுமந்து போகலாம். சுமக்கிறவனை நினைத்துச் செய்யப்பட்ட பொருள் இது. கோப்புகளிடையே காலம் தள்ளும் நமக்கு இத்தகைய பொருளைக் கண்டால் ஒரு மரியாதை தோன்றத்தான் செய்கிறது.

இந்தக் கலத்தின் ரகசியம் வெளியேறிய வழியில் நம் நாடும் வருகிறது. இச்செய்தியில் பங்குகொண்ட ரிச்சர்ட் டேனியல் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1987-இல் எழுதிய விவரம் இது. 1939-இல் பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் பெர்லினிலிருந்து மோட்டாரில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியில் அவசரத்துக்குத் தண்ணீர் வேண்டுமே! டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தில் அடுக்கியிருந்த கலங்களில் மூன்றை அந்த நண்பர் எடுத்து வந்தார். பாதி இந்தியாவைக் கடந்த நிலையில் ஜெர்மன் அரசு விமானம் அனுப்பி நண்பரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. போகுமுன் அவர் கலத்தின் அளவுகளையும் செய்முறையையும் ப்ளைஸிடம் சொல்லிவிட்டுப் போனார். ப்ளைஸ் தனியே கல்கத்தா சேர்ந்து, வண்டியை அங்கே நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். பின்னர் ஒரு கலத்தை 1940-இல் வாஷிங்டனுக்கு வரவழைத்துக் காட்டியபோது ராணுவ இலாகா வேண்டாம் என்றுவிட்டது. பிறகு மனம் மாறியபோதும் அப்படியே செய்யவில்லை. பற்றவைப்பதை விட்டு மூட்டை மடித்துச் சுருட்டினார்கள், உட்பூச்சை நீக்கினார்கள், திறக்க ஒரு திருகுசாவியும் ஊற்ற ஒரு புனலும் தேவைப்பட்டன. நல்லதைத் திருத்தி அமைக்கும் அலுவலகங்கள் எந்த நாட்டிலும் உண்டு போலும். ஆங்கிலேயரோ கைப்பற்றிய ஜெர்மன் கலங்களைப் பொக்கிஷம்போல் பயன்படுத்தி, பின்னர் அச்சு மாறாமல் தாமே செய்துகொண்டார்கள். 1944-இல் பிரான்ஸ் வழியே நேச நாட்டுப் படைகள் அத்தனை விரைவாக முன்னேறியதற்கு இந்தக் கலங்களே காரணமென்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பாராட்டினார்.

அமெரிக்கப் படை கல்கத்தாவையும் அஸ்ஸாமையும் தளமாகக் கொண்டு லெடோ சாலையை அமைத்தது. யுத்தம் முடிந்தபின் 'டிஸ்போசல்' சாமான்களாக எத்தனையோ பொருள்கள் ஏலம் போயின. எனவே கபாடிக் கடையில் காணும் கலத்தைச் சற்றுத் துடைத்துப் பார்ப்பது வீணல்ல. உடலிலோ அடியிலோ எழுத்துக்கள் பதிந்திருக்கும். 'டபிள்யூ டி' என்ற எழுத்துக்களிடையே அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் கலம். 'யூ எஸ் ஏ' என்றிருந்தால் சொல்லவேண்டியதில்லை. 'வேர்மாக்ட்', 'க்ராஃப்ட்ஸ்டோஃப்' என்னும் ஜெர்மன் சொற்களும் ஆண்டும் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் யுத்தத்துக்குப் பின்னும் இதே உருவத்தில் பல நாடுகள் செய்துகொண்டே வந்தன. புதுக் கலத்துக்குப் பழைய வர்ணம் பூசி விற்பவர்களும் உண்டு. வர்ணத்தை நம்பாமல், பதிந்த ஆண்டை நம்புவதே உத்தமம்.

இனிச் செப்பனிடுதல். இதில் உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. பெட்ரோல் நிறைந்த கலத்தைவிடக் காலிக் கலமே பயங்கரமானது. உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து நிற்கும்; ஒரு பொறி போதும். ஆகவே, ஓட்டையை அடைத்துத் தரும்படி பற்றவைப்புக் கடைப் பையனிடம் கலத்தை நீட்டவே கூடாது. அவனுக்கு உள்ளே என்ன இருந்ததென்று தெரியாது, கூலிக்காகச் செய்துவிடுவான். பற்றவைப்பதும் சாணை பிடிப்பதும் நம் பொழுதுபோக்கில் சேரவேண்டியதில்லை.

முதலில் மூடியைத் திறந்து வெளியில், நெருப்பில்லாத இடத்தில் வைக்கவேண்டும். சோப்பு நீரால் பலமுறை கழுவவேண்டும். அக்காலத்துப் பெட்ரோலில் ஈயச் சத்து கலந்திருந்தது. பழைய வர்ணத்திலும் ஈயம் இருக்கலாம். கையுறை அவசியம்; வர்ணத்தை உலர்வாகத் தேய்க்காமல் ஈரத்தில் தேய்க்கவேண்டும்; குழந்தைகள் அருகில் இருக்கக்கூடாது. பிறகு ஒரு கை ஜல்லியும் தண்ணீரும் இட்டுக் குலுக்கினால் தளர்ந்த துரு உதிர்ந்துவிடும். மீதிக்கு எலுமிச்சை உப்பு, அதாவது வடக்கே மளிகைக் கடைகளில் 'டாட்ரி' என்று கிடைப்பது, போதும். அதை நீரில் கரைத்து ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் சமையல் சோடா கலந்த நீரால் அலசி, உடனே வெயிலில் உலர்த்தி, உள்ளே சிறிது எண்ணெய் சுழற்றிவிட வேண்டும். தாமதித்தால் மாலைக்குள் புதுத்துரு வந்துவிடும்.

வெளிப்புறத்தை என்ன செய்வது என்பதில் சேகரிப்போரிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை. பளபளவென்று புது வர்ணம் பூசுவோர் ஒரு சாரார். தேய்மானமே சரித்திரம் என்று தொடாமல் வைப்போர் இன்னொரு சாரார். நம் அபிப்பிராயம் பின்னவர் பக்கமே. துரு பரவாமல் நிறுத்துவது கடமை. ஆனால் யாரோ ஒரு சிப்பாய் தூரிகையால் எழுதிய எண்ணைப் புது வர்ணத்தால் மறைத்துவிட்டால் அதை மீட்க வழியில்லை.

எவ்வளவு கழுவினாலும் அக்கலத்தில் குடிநீரோ சமையல் எண்ணெயோ வைக்கக்கூடாது. பெட்ரோல் வைப்பதானால் 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: உரிமம் இல்லாமல், விற்பனைக்கல்லாது ஒருவர் ஓரிடத்தில் வைத்திருக்கக்கூடியது 30 லிட்டர் வரையில்தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் அதுவும் வேண்டாம். அலமாரிக்கு மேலே காலியாக, மூடியைச் சற்றே தளர்த்தி வைத்தால் ரப்பர் வளையம் நசுங்காமல் நெடுநாள் இருக்கும்.